பச்சை நூல் மாடுகளுக்கு ஒரு நியாயம்

ஊரில் எல்லாரும் அவரை ஏப்பக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஏப்பம் விடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. மாடுகள் விடும் ஏப்பத்தை அளப்பது அவருடைய வேலை. பால் சங்கத்தின் முந்தைய தலைவர் விட்ட ஏப்பத்தை அளக்க இன்னும் இயந்திரம் வரவில்லை என்று பால் ஊற்ற வருகிறவர்கள் சொல்வார்கள். அது வேறு கதை.

இதற்கு முன் அவர் பார்க்காத வேலை இல்லை. பஞ்சர் கடையில் இருந்தார், கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்தார், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தார். கை சுத்தம், குணமும் தங்கம். ஆனால் யாரைப் பார்த்தும் ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மண்டபத்தில் பெண் வீட்டார் வந்து சத்தத்தைக் கூட்டச் சொன்னால் கூட்டுவார். மாப்பிள்ளை வீட்டார் வந்து குறைக்கச் சொன்னால் குறைப்பார். ஒரு முகூர்த்தம் முழுக்க நாதஸ்வரம் பக்கத்தில் வந்து வந்து தூரமாய்ப் போன கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கொட்டகையில் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் சண்டை போட்டபோது இரண்டு பேரிடமும் தனித்தனியாக, “நீங்க சொல்றதும் சரிதான்” என்றார். அத்தோடு அந்த வேலையும் போனது.

கடைசியில் அவருடைய மனைவி அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் குளிரூட்டும் அறையில் நிறுத்தினாள். அந்த அறையில் ஒரு பெரிய எஃகுத் தொட்டியும் ஒரு வெப்பமானியும்தான் இருந்தன. இரண்டுக்கும் சொந்தக் கருத்து கிடையாது. அங்கே அவர் நிம்மதியாக இருந்தார்.

நிம்மதியைக் கெடுக்க டாக்டரம்மா வந்தார். கால்நடை மருத்துவர். முப்பது வயதுகூட இருக்காது, எப்போதும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஊருக்கு வெளியே நீளமான தகரக் கொட்டகை ஒன்றில் பன்னிரண்டு வீட்டு மாடுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதன் நடுவில் நின்றுகொண்டு அவர் விஷயத்தைச் சொன்னார். உலகம் சூடாகிக்கொண்டே போகிறது. அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கிற வாயுக்களில் மீத்தேன் பொல்லாதது. அதைக் குறைக்க ஆறு நாடுகள் கைகோத்திருக்கின்றன. நாட்டுக்கு ஒரு கொட்டகை, எல்லாருக்கும் ஒரே இயந்திரம், ஒரே பொடி. பொடியைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் மாட்டிடமிருந்து வரும் மீத்தேன் குறைகிறதா என்று சேர்ந்து பார்க்கப் போகிறார்கள்.

“மாட்டுக்கிட்டயா?” என்றாள் முன்வரிசையில் நின்ற பெரியவள். ஏப்பக்காரரின் மனைவிக்கு அக்கா. கொட்டகையில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. “சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து பாருங்க, மாடு எவ்வளவோ தேவலைன்னு சொல்லுவீங்க.”

கொட்டகை சிரித்து ஓய்ந்தபின் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அந்த வாயு எல்லாரும் நினைக்கிறபடி மாட்டின் பின்பக்கமாக அதிகம் வருவதில்லை. மாடு தின்ற புல் முதல் வயிற்றில் ஊறிப் புளிக்கும்போது உண்டாகி, பெரும்பகுதி வாய் வழியாக ஏப்பமாகத்தான் வெளியே வருகிறது.

அதை யாரும் நம்பவில்லை. இயந்திரம் வந்து இறங்கிய அன்று, டாக்டரம்மா வருவதற்குள் நாலு பேர் சேர்ந்து அதை ஒரு மாட்டின் பின்னால் கொண்டுபோய் நேராக நிறுத்தி, அசையாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல்லும் வைத்துவிட்டார்கள். பெரிய அலமாரி அளவு இயந்திரம். முன்பக்கம் ஒரு குடை மாதிரி கூடு. மாடு அதற்குள் தலையை நுழைத்தால் காதிலிருக்கும் வில்லையைப் படித்து இன்ன மாடு என்று தெரிந்துகொள்ளும். கடகடவென்று கொஞ்சம் தீவன உருண்டை விழும். மாடு அதைத் தின்று முடிக்கும் வரை உள்ளே ஒரு விசிறி அதன் மூச்சை உறிஞ்சி அளந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அந்த மாடு இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இயந்திரமும் மரியாதையாக ஒன்றும் செய்யாமல் இருந்தது.

இயந்திரத்தோடு நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. மாட்டை அடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. தலையை நீட்டி, பாதியில் எடுத்து, திரும்ப நீட்டி என்று அது படுத்துகிற பாட்டையெல்லாம் பொறுத்துக்கொண்டு நிற்க வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும், “நீங்க சொல்றதும் சரிதான்” என்றார்.

வேலை அவருக்கு அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. மகாராணி என்று ஒரு மாடு உண்டு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கூட்டுக்குள் தலையை நீட்டாது. அவர் திரும்பி நின்று கூரைத் தகரத்தை எண்ணுகிற மாதிரி நடிப்பார். அது நீட்டும். இன்னொன்று உருண்டை விழும் வரை நல்ல பிள்ளையாக நின்று, விழுந்ததும் வாயில் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். அதனிடம் தன் வீட்டுக் கதையெல்லாம் மெதுவாகச் சொல்வார். கதை கேட்கிற ஆசையில் அது நின்றது என்று அவர் நம்பினார். மாலையில் இயந்திரத்தின் திரையில் கோடுகள் மலைமலையாக எழும்பி நிற்கும். ஒவ்வொரு முகடும் ஓர் ஏப்பம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு வேலையை வீட்டில் போய் விவரித்தார்.

தகராறு சீட்டுக் குலுக்கிய நாளில் ஆரம்பித்தது.

மாடுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும், பாதிக்குப் பொடி கலந்த தீவனம், பாதிக்குக் கலக்காத தீவனம் என்றார் டாக்டரம்மா. எது எதில் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் இரண்டு மூட்டைகளும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றின் வாய் சிவப்பு நூலால் தைத்திருந்தது, மற்றது பச்சை நூலால். ரகசியம் அன்று மதியம்வரை தாங்கியது. சிவப்பு நூல் மூட்டையைப் பிரித்ததும் மருந்துக்கடை வாசனை வந்தது. பிறகு கேட்பானேன். அந்தப் பொடி சத்து மாத்திரை போல, அதைத் தின்றால் மாடு மினுமினுக்கும், பால் கூடும், கன்று பெரிதாகப் பிறக்கும் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஏப்பம் குறையும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

சீட்டில் ஏப்பக்காரர் வீட்டு மாட்டுக்குச் சிவப்பு விழுந்தது. பெரியவளின் மாட்டுக்குப் பச்சை. இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏப்பக்காரர் வீட்டு மாடு, பெரியவளின் மாடு போட்ட கன்று. தங்கை தனிக்குடித்தனம் போனபோது அக்கா கையில் பிடித்துக் கொடுத்தது.

“பெத்தவ பாத்துக்கிட்டு நிக்கணும், பொண்ணு தின்னணும். நல்லா இருக்கும்மா உங்க ஆராய்ச்சி” என்றாள் பெரியவள்.

“அப்படி இல்லைங்க. சில மாட்டுக்குக் குடுக்காம இருந்தாத்தான், குடுத்த மாட்டுல என்ன வித்தியாசம்னு தெரியும்.”

“அப்ப என் மாடு எதுக்கு நிக்குது? அது ஒண்ணும் திங்கலைன்னு ஆறு நாட்டுக்கும் காட்டவா?”

டாக்டரம்மா படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது பெரியவளிடம் சொல்லும்படியாக இல்லை. அவர் ஏப்பக்காரரைப் பார்த்தார். ஏப்பக்காரர் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டினார்.

அக்கா தங்கையிடம் பேசுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தங்கை சமாளித்திருப்பாள். ஒரே கொட்டகையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டுத்தறியில் நின்று பால் கறந்துகொண்டு, “இந்த ஊர்ல சிலருக்கு அதிர்ஷ்டம்டி” என்று தன் மாட்டிடம் மட்டும் பேசுவதை எப்படிச் சமாளிப்பது? தங்கை சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள். பிறகு இரண்டு தடவை போட்டாள்.

ஒரு மாலை ஏப்பக்காரர் இயந்திரத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பும்போது, தன் மனைவி ஒரு வாளியோடு தன் தொட்டியிலிருந்து அக்காவின் தொட்டிக்கு நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

“என்ன அது?”

“பாத்தா தெரியலை? வாளி.”

“வாளிக்குள்ள?”

“என் மாட்டுக்குப் போட்டதுல பாதி. அது வயிறு நிறைஞ்சு மிச்சம் வெச்சுது, அதோட அம்மாவுக்குக் குடுக்கறேன். அங்கேருந்து பாதி இங்க வரும். தீவனம் யாருக்கும் குறையலை, கூடலை. இதுல என்ன தப்பு, சொல்லுங்க.”

தப்பு என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல ‘இல்லை’ என்று ஆரம்பிக்க வேண்டும்.

“நீ சொல்றதும் சரிதான்” என்றார்.

மறுநாள் அக்கா தங்கையிடம் பேசினாள். அதைப் பார்த்து மற்ற வீடுகளும் வாளியைத் தூக்கின. சில நாட்களில் வாளியும் போயிற்று. இரண்டு மூட்டைகளையும் பெரிய தொட்டியில் ஒன்றாகக் கொட்டி மண்வெட்டியால் புரட்டி, எல்லா மாட்டுக்கும் சமமாகப் போட்டார்கள். கொட்டகையில் அப்படி ஓர் ஒற்றுமையை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. டாக்டரம்மா வருகிற நாளில் மட்டும் சிவப்பு மூட்டை சிவப்புப் பக்கமும் பச்சை மூட்டை பச்சைப் பக்கமும் ஒழுக்கமாக நிற்கும். ஏப்பக்காரர் ஏப்பத்தைப் பிசகாமல் அளந்துகொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, அதனால் அவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. தன்னிடமே இப்படிச் சொல்லிக்கொண்டார். அதற்கும் தலையாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா ஒரு நாள் மடிக்கணினியோடு வந்து குளிரூட்டும் அறையில் உட்கார்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அண்ணே, மத்த நாட்டுலயெல்லாம் பொடி தின்ன மாடு ஒரு பக்கம், தின்னாத மாடு ஒரு பக்கம்னு கோடு தனித்தனியாப் போகுது. ரெண்டு எடத்துல கொஞ்சம் மங்கலா இருக்கு, ஆனாலும் வித்தியாசம் தெரியுது. நம்ம கொட்டகைல மட்டும் ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போகுது. இரட்டைப் பிள்ளை மாதிரி.”

ஏப்பக்காரர் தொட்டியின் வெப்பமானியைக் கவனமாகப் பார்த்தார்.

“இப்படியே போனா, சின்னக் கொட்டகைல இந்தப் பொடி பலிக்காதுன்னு எழுதி முடிச்சுடுவாங்க. அடுத்து எந்தச் சின்னக் கொட்டகைக்கும் வர மாட்டாங்க. நம்ம மாதிரி எடத்தையும் சேத்துக்கணும்னு ஒரு வருஷம் சண்டை போட்டேன். நான் சொன்னது தப்புன்னு ஆயிடும்.” அவர் மடிக்கணினியை மூடினார். “வர்ற வியாழக்கிழமை ஆறு நாடும் திரையில கூடுது. அளக்கறவர்கிட்டயே நேராப் பேசணும்னு இந்த ஆராய்ச்சியை நடத்தற பேராசிரியர் கேக்கறார். நீங்க வந்து நடந்ததைச் சொன்னாப் போதும்.”

நடந்ததைச் சொன்னாப் போதும். அவர் அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதையே சொன்னார்.

“சொல்லுங்களேன். யாரு வேண்டாம்னா?” என்றாள் அவள். “எங்க அக்கா பேரு மட்டும் வரக்கூடாது.”

“சரி. உன் பேரு?”

“என் பேரு மட்டும் எதுக்கு வரணும்? நான் என்ன கிள்ளுக்கீரையா?”

“அப்ப யாரு வாளி தூக்கினதுன்னு சொல்றது?”

“மாடு தூக்கிச்சுன்னு சொல்லுங்க.”

செய்தி பரவிப் பெரியவள் அப்போதே வந்துவிட்டாள். உட்காரவில்லை, வாசலிலேயே நின்றாள். “தம்பி, நல்லா யோசிங்க. உண்மையைச் சொன்னா மூட்டை நிக்கும், மிஷினைத் தூக்கிட்டுப் போவாங்க, உங்களுக்கும் வேலை போகும். பன்னெண்டு வீட்டுக்காரங்களும் உங்களை எப்படிப் பாப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.”

“நீங்க சொல்றதும் சரிதான் அண்ணி.”

“அதான், நீங்க நல்ல பிள்ளை” என்று அவள் போய்விட்டாள். நல்ல பிள்ளை வெகுநேரம் பாயில் புரண்டுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சங்க அலுவலகத்தின் சுவரில் தொலைக்காட்சியை மாட்டினார்கள். அதற்கு எதிரே ஒரு நாற்காலியில் ஏப்பக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில். பக்கத்தில் மொழிபெயர்க்க டாக்டரம்மா. கதவிலும் ஜன்னலிலும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும். திரையில் ஆறு சதுரங்கள். நடுவில் வெள்ளைத் தாடி வைத்த பேராசிரியர். சுற்றிலும் மற்ற நாடுகளின் ஆய்வாளர்களும் அவர்களோடு மாடு பார்ப்பவர்களும். ஒரு சதுரத்தில் பெரிய தொப்பி போட்ட தடித்த மனிதர் ஒருவர் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் தலையில் துணி கட்டிய ஓர் அம்மாள் கேமராவை மிக அருகில் வைத்து, தன் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் மிக மரியாதையாகக் கேட்டார். உங்கள் பக்கம் வெயில் அதிகமாயிற்றே, அது காரணமாக இருக்குமோ?

ஏப்பக்காரர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். “அவர் சொல்றதும் சரிதான்” என்றார்.

டாக்டரம்மா மொழிபெயர்த்தார். ஒரு நாட்டுக்காரர், வெயில்தான் காரணம் என்று குறித்துக்கொண்டார். இன்னொரு நாட்டிலிருந்து ஒரு பெண்மணி, தண்ணீரில் உப்பு இருக்குமோ என்றார். அதுவும் சரிதான். மூன்றாமவர், மாட்டின் இனம் வேறாக இருப்பதால் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களும் வேறாக இருக்கலாமே என்றார். அதுவும்தான். உடனே வெயில்காரருக்கும் நுண்ணுயிர்க்காரருக்கும் வாக்குவாதம் மூண்டது. தண்ணீர்க்காரப் பெண்மணி ஒரு வரைபடத்தைத் திரையில் ஏற்றினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இது ஒரு முக்கியமான கண்டுபிடிப்பாக இருக்கக் கூடும் என்றார். ஏப்பக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய மூன்று தலையாட்டல்களைப் பிடித்துக்கொண்டு மூன்று நாடுகள் வீடு கட்டிக் கூரையும் போட்டுக்கொண்டிருந்தன.

டாக்டரம்மா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, “அப்ப பொடி நம்ம மாட்டுக்கு வேலை செய்யலை. நான்தான் வீம்புக்கு நின்னுருக்கேன் போல. விடுங்க அண்ணே” என்றார்.

“இல்லைங்க” என்றார் ஏப்பக்காரர்.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. வாசலில் அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“வெயிலும் இல்லை, தண்ணியும் இல்லைங்க. வயித்துல இருக்கற பூச்சியும் இல்லை. பொடி நல்லா வேலை செய்யுது. எல்லா மாடும் அதைத் திங்குது. ரெண்டு மூட்டையையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து போடறோம். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

டாக்டரம்மா மேசையிலிருந்து தலையை நிமிர்த்தினார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். திரையில் ஆறு சதுரங்களும் அசையாமல் நின்றன. இணைப்புப் போய்விட்டதோ என்று யாரோ கேட்டார்கள்.

பேராசிரியர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஏன்?

அதற்கு ஏப்பக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள். “அவரை விடுங்க. முதல் வாளி நான்தான் தூக்கினேன். என் மாடு எங்க அக்கா மாட்டுக்குப் பொறந்தது. பொண்ணுக்குக் குடுத்து அம்மாவுக்கு இல்லைன்னா எப்படி? நீங்க உங்க வீட்டுல அப்படித்தான் பரிமாறுவீங்களா? கேளும்மா அவர்கிட்ட.”

டாக்டரம்மா கேட்டார். வைக்கோல் கட்டின் மேல் இருந்த தொப்பிக்காரர் தன் மொழிபெயர்ப்பாளரிடம் எதையோ முணுமுணுத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். இவருடைய அண்ணனின் மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் பச்சை மூட்டையில் நிற்கின்றனவாம். இவர் தினமும் கொஞ்சம் வேலிக்கு மேலே தள்ளிவிடுகிறாராம். அண்ணனோடு நீண்ட காலம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து இப்போதுதான் பேசுகிறார்களாம்.

பேராசிரியர் மற்ற சதுரங்களைப் பார்த்தார். நெற்றி மட்டும் தெரிந்த அம்மாள் சட்டென்று கேமராவை அணைத்துவிட்டார்.

பேராசிரியர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஏப்பக்காரர் பதறிப்போனார். “இல்லை, சிரிக்கறார்” என்றார் டாக்டரம்மா. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்தபடி.

சிரித்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. அதுவரை அளந்தது அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. ஒழுங்காகச் செய்த மூன்று நாடுகள், செய்யாத மூன்றையும் விலக்கிவிட வேண்டும் என்று கொடி பிடித்தன. டாக்டரம்மா வேறொரு வழி சொன்னார். மாட்டோடு மாட்டை ஒப்பிட வேண்டாம், அதே மாட்டை அதனோடேயே ஒப்பிடுவோம். முதலில் கொஞ்ச காலம் யாருக்கும் பொடி இல்லை. பிறகு எல்லாருக்கும் பொடி. அதன்பின் திரும்பவும் யாருக்கும் இல்லை. இதற்கு ஆறு நாடுகளும் இழுபறியாய் இழுத்துப் பேசின. வெயில் ஏறினால் கணக்கு மாறும், புல் முற்றினால் மாறும் என்றார்கள். கடைசியில், வாளி தூக்கிய மூன்று கொட்டகைகளுக்கு மட்டும் அரை மனதோடு ஒப்புக்கொண்டார்கள்.

அந்த இழுபறி நடந்த காலம் முழுக்க இயந்திரம் கோணியால் மூடிக் கிடந்தது. ஏப்பக்காரருக்குக் குளிரூட்டும் அறை வேலை மட்டும் மிஞ்சியது. பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீட்டார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தும் பெரியவளின் பக்கம் சேர்ந்தவை. மனைவி மட்டும் ஏனோ அவருக்குச் சுடச்சுடப் பரிமாறினாள். ஒப்புதல் வந்ததும் டாக்டரம்மா கோணியை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். பெரியவளிடமும் புது ஏற்பாட்டைச் சொன்னார்.

“முதல்ல யாருக்குமே கிடையாதா?” என்றாள் அவள்.

“யாருக்குமே கிடையாது.”

“என் தங்கச்சி மாட்டுக்கு?”

“அதுக்கும் கிடையாது.”

“அப்படின்னா எனக்கும் வேண்டாம்” என்றாள் பெரியவள், மிகுந்த திருப்தியோடு.

பொடி இல்லாத காலம் ஒரு சச்சரவும் இல்லாமல் கழிந்தது. பிறகு எல்லா மூட்டைக்கும் ஒரே நூல் வந்தது. திரையில் மலைகள் மெல்லக் குன்றுகளாக இறங்கின. மகாராணியின் கோடு இறங்கியது, வாயில் அள்ளிக்கொண்டு ஓடுகிற மாட்டின் கோடும் இறங்கியது. டாக்டரம்மா ஏப்பக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொப்பிக்காரரின் கொட்டகையிலும் அப்படியே என்று செய்தி வந்தது. எந்த மாடும் மினுமினுக்கவில்லை, பாலும் கூடவில்லை. அதற்குள் அதையெல்லாம் எல்லாரும் மறந்துவிட்டார்கள். கொட்டகையில் இப்போது வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. யார் மாட்டு ஏப்பம் அதிகம் குறைந்தது?

பெரியவள் மாடுதான் முதலில் நின்றது. அவள் அதைப் பால் ஊற்றும் இடத்தில் சொன்னாள், கடையில் சொன்னாள், வழியில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னாள். ஒரு சாயங்காலம் ஏப்பக்காரரின் மனைவி தன் மாட்டை ஓட்டிக்கொண்டு இயந்திரத்தடிக்கு வந்தாள்.

“எங்க அக்கா மாடு அவ்வளவு குறைச்சிருக்கு, என்னுது மட்டும் ஏன் இப்படி நிக்குது? நீங்க சரியாத்தான் பாக்கறீங்களா?”

“சரியாத்தான் பாக்கறேன்.”

“கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா? நம்ம மாடுதானே?”

“முடியாது.”

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்த வியாழக்கிழமைலேருந்து உங்களுக்கு வாய் ரொம்பத்தான் நீண்டுபோச்சு.”

மாடு தலையை நீட்டியது, உருண்டைகள் கடகடவென்று விழுந்தன. அவள் பக்கத்தில் வந்து நின்று, ஏப்பம் வந்துவிடாமல் தடுக்கிறவள் மாதிரி மாட்டின் கழுத்தை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

“தொடாம தள்ளி நில்லு” என்றார் ஏப்பக்காரர். அவள் முணுமுணுத்துக்கொண்டே தள்ளி நின்றாள்.